டெக்சாஸின் சின்னக் கவுண்டியில் ஒருவர் மீதான கேஸ் விவரத்தைத் தேடுவது எப்படி?

டெக்சாஸில் 254 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இருக்கின்றன. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் உள்ள பெரிய கவுண்டிகளில் ஒருவர் மீது குற்ற வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மேற்கு டெக்சாஸின் சின்னக் கவுண்டிகளில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால், கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கேஸ் இணையத்தில் ஏறவே இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

இந்தத் தேடல் தேவைப்படுகிறவர்கள் பல விதம். வீட்டை வாடகைக்கு விடுபவர், குழந்தையையோ வயதானவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைப்பவர், கூட்டாளியாகச் சேர வருபவரைப் பற்றி விசாரிப்பவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நம்மவர்களில் அதிகம் தவிப்பவர்கள் வேறு வகை. நெடுஞ்சாலையில் போகும்போது எங்கோ ஒரு கவுண்டியில் பிடிபட்டு, கேஸ் முடிந்து, வருடங்கள் கழித்து கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்தக் கேஸின் முடிவைக் கோர்ட் முத்திரையோடு கேட்கிறார்கள் என்று அலைபவர்கள் அவர்கள். இரண்டு தரப்புக்கும் வழி ஒன்றுதான்.

உதாரணத்துக்கு ஹட்ஸ்பெத் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். எல் பாசோவுக்குக் கிழக்கே 4,500 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,202 மட்டுமே. தலைமையிடம் சியரா பிளாங்கா. அங்கே உள்ள கோர்ட் கட்டடம் சுடாத மண் செங்கல்லால் கட்டியது. 1920களின் தொடக்கத்தில் எழும்பியது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. இவ்வளவு சின்ன ஊருக்கு அளவுக்கு மீறிய கேஸ்கள் வரக் காரணம், ஊருக்கு மேற்கே சில மைல் தூரத்தில் ஐ-10 நெடுஞ்சாலையில் இருக்கும் எல்லைக் காவல் சோதனைச்சாவடி. கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்ஸிகோ மூன்றிலும் கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கிறது. அங்கே கடையில் வாங்கியதைக் காரில் வைத்துக்கொண்டு கிழக்கே திரும்புபவர்கள் இந்தச் சாவடியில் மாட்டுகிறார்கள். அதனால் ஹூஸ்டன்காரர் ஒருவரின் கேஸ் 650 மைலுக்கு அப்பால் சியரா பிளாங்காவில் இருக்கலாம்.

முதலில் கவுண்டி எது என்று உறுதி செய்யுங்கள்

கேஸ் போடப்படுவது குற்றம் நடந்த கவுண்டியில். ஆள் குடியிருக்கும் கவுண்டி இதில் கணக்கே இல்லை. பலர் தவறுவது இங்கேதான்: சந்தேகப்படும் நபரின் தற்போதைய முகவரியை வைத்து ஒரே ஒரு கவுண்டியில் தேடி, சுத்தமான ஆள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் குடியிருந்த, வேலை பார்த்த கவுண்டிகள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கவுண்டிகளையும் சேருங்கள். அவர் வழக்கமாகப் பயணிக்கும் நெடுஞ்சாலை தெரிந்தால், அது கடக்கும் கவுண்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். அஞ்சல் முகவரியில் ஒரு ஊர் இருக்கும். இடம் அடுத்த கவுண்டிக்குள் இருக்கும். வரைபடத்தில் கவுண்டி எல்லையைப் போட்டுப் பார்ப்பதே சரி. சொந்தக் கேஸ் என்றால் டிக்கெட்டிலோ ஜாமீன் தாளிலோ கவுண்டி பெயர் அச்சிட்டிருக்கும்.

எந்தக் கோர்ட், எந்த கிளர்க்?

குற்றத்தின் தரத்தைப் பொறுத்துக் கோர்ட் மாறும். கோர்ட் மாறினால் ஆவணம் வைத்திருக்கும் கிளர்க்கும் மாறுவார்.

ஃபெலனி என்று சொல்லும் பெருங்குற்றங்கள் மாவட்ட கோர்ட்டுக்குப் போகும். ஆவணம் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். மிஸ்டிமீனர் என்கிற சிறுகுற்றங்களில் கிளாஸ் ஏ (ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம்), கிளாஸ் பி (180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம்) இரண்டும் கவுண்டி கோர்ட்டுக்குப் போகும். ஆவணம் கவுண்டி கிளர்க்கிடம். கிளாஸ் சி என்பது அபராதம் மட்டும், 500 டாலர் வரை. அது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் எனப்படும் உள்ளூர் சிறுவழக்கு நீதிபதியின் கோர்ட்டில் இருக்கும். ஊருக்கு நகராட்சி இருந்தால் நகராட்சி கோர்ட்டிலும் இருக்கலாம்.

காரில் பிடிபட்ட பொருளை வைத்தே இது எப்படிப் பிரிகிறது என்று பார்க்கலாம். 2 அவுன்ஸுக்குள் கஞ்சா இலை இருந்தால் கிளாஸ் பி, ஆகவே கவுண்டி கிளர்க். 2 முதல் 4 அவுன்ஸ் வரை கிளாஸ் ஏ, அதுவும் அவரிடமே. அதற்கு மேல் ஃபெலனி. ஆனால் கஞ்சாவின் போதைச் சத்தான டிஎச்சி எண்ணெய் நிரப்பிய வேப் பேனாவோ கம்மி மிட்டாயோ பிடிபட்டால், 1 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் ஃபெலனிதான். அது டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம் போய்விடும். புகைக்கும் குழாய் மாதிரி உபகரணம் மட்டும் என்றால் கிளாஸ் சி, அது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸிடம். ஒரே இரவில் ஒரே காரில் வந்த 3 பேரின் கேஸ்கள் 3 அலுவலகங்களில் கிடக்கலாம்.

சின்னக் கவுண்டியில் இதற்கு ஒரு வசதி உண்டு. 8,000 பேருக்குக் குறைவாக மக்கள் உள்ள கவுண்டிகளில் ஒரே ஆளை இரண்டு பொறுப்புக்கும் தேர்ந்தெடுக்க டெக்சாஸ் அரசியல் சாசனம் இடம் கொடுக்கிறது. அந்த இடங்களில் கவுண்டி கிளர்க்கும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கும் ஒருவரே, ஒரே மேசை. இருந்தாலும் கேட்கும்போது “ஃபெலனி, மிஸ்டிமீனர் இரண்டு பதிவிலும் பாருங்கள்” என்று தனியாகச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் அலுவலகம் இதில் சேராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பிரிசிங்க்ட் (கவுண்டிக்குள் உள்ள பகுதி) எண் வாரியாக ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும்.

மாவட்ட நீதிபதி தினமும் அங்கே இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஹட்ஸ்பெத் அடங்கிய 394ஆவது மாவட்ட கோர்ட் மொத்தம் 5 கவுண்டிகளைக் கவனிக்கிறது. நீதிபதி ஊர் ஊராகப் போகிறார். எனவே விசாரணைத் தேதிகள் தள்ளித் தள்ளி வரும், கேஸ் முடிவதும் தாமதமாகும். “நிலுவையில் இருக்கிறது” என்ற பதில் இங்கே நீண்ட நாள் நீடிக்கும்.

வீட்டிலிருந்தபடி பார்க்கக்கூடியவை

கவுண்டியின் சொந்த இணையதளத்தில் கேஸ் தேடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த வருடத்திலிருந்து பதிவேற்றியிருக்கிறார்கள் என்று கிளர்க்கிடம் போனில் கேளுங்கள். இதைக் கேட்காமல் வரும் முடிவுக்கு மதிப்பில்லை.

மாநிலம் முழுவதற்கும் ஒரே இடம் என்றால், டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ் நடத்தும் குற்ற வரலாற்றுத் தேடல். கணக்குத் தொடங்கி, தேடலுக்கு 1 டாலர் வீதம் முன்பணம் கட்ட வேண்டும். கார்டில் கட்டினால் சிறு கட்டணம் கூடும். பொதுமக்களுக்கு அதில் தெரிவது தண்டனை பெற்ற கேஸ்களும், டிஃபர்டு அட்ஜுடிகேஷன் எனப்படும் ஒத்திவைத்த தீர்ப்புகளும் மட்டுமே. தள்ளுபடியான கேஸ், வெறும் கைது, நிலுவைக் கேஸ் ஆகியவை தெரியாது. கிளாஸ் சி அபராதங்களையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அதில் ஓட்டை விழும் இடம் ஒன்று இருக்கிறது, இதைப் புரிந்துகொள்வது முக்கியம். கைது செய்த அலுவலகம் கைரேகையோடு 7 நாளுக்குள் டிபிஎஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். கோர்ட் முடிவை 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். இரண்டையும் இணைப்பது டிஆர்என் என்கிற ஒரு எண். போலீஸ் அந்த எண்ணைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் விட்டாலோ, ஆள் கைதாகாமல் சம்மன் மூலம் வந்து கைரேகை எடுக்காமல் போனாலோ, கோர்ட்டில் தீர்ப்பு இருக்கும், டிபிஎஸ் பட்டியலில் எதுவும் இருக்காது. ஆள் பற்றாக்குறை உள்ள சின்ன அலுவலகங்களில் இது நடக்கக்கூடியதுதான். ஆகவே டிபிஎஸ்ஸில் வந்தது துப்பு. வராதது எதற்கும் சான்று ஆகாது.

இலவசமாகப் பார்க்கக்கூடியவை இன்னும் சில. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை டிபிஎஸ் இணையதளத்திலேயே பார்க்கலாம். மாநிலச் சிறைத் துறையான டிடிசிஜே தளத்தில் தற்போது சிறையில் இருப்பவர்களைத் தேடலாம். விடுதலையானவர் அதில் வரமாட்டார். கூட்டாட்சிச் சிறைகளின் தேடலில் 1982 முதல் இருந்தவர்கள் வருவார்கள்.

சோதனைச்சாவடிக் கேஸ் என்றால் கூட்டாட்சி கோர்ட்டையும் விட்டுவிடக் கூடாது. பெரிய அளவுக் கடத்தல் கேஸ்கள் அங்கே போய்விடும். கவுண்டி கிளர்க்கிடம் அதன் சுவடே இருக்காது. கூட்டாட்சி கோர்ட் ஆவணங்களுக்கான பேசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, டெக்சாஸ் மேற்கு மாவட்டத்தில் பெயரைத் தேடுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் நின்றால் கட்டணமே இல்லை. ஆனால் பெயர்த் தேடல் பட்டியலுக்கு அந்த 3 டாலர் உச்சவரம்பு பொருந்தாது. பொதுவான பெயரை வெறுமனே போட்டுத் தேடினால் பக்கங்கள் ஓடிவிடும். வருடமும் மாவட்டமும் போட்டுச் சுருக்குங்கள்.

கிளர்க் அலுவலகத்தை அணுகுவது

இதுதான் முக்கிய வேலை. மற்றதெல்லாம் இதற்கான தயாரிப்பு.

போன் செய்யும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: முழுப் பெயர், பிறந்த தேதி, பெயரின் வேறு எழுத்துவடிவங்கள், சம்பவம் நடந்த தோராய வருடம், தெரிந்தால் கேஸ் எண். டெக்சாஸில் கேஸ் எண்ணைக் காஸ் நம்பர் என்பார்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கோர்ட் பதிவில் ஏறும் பெயர் ஓட்டுநர் உரிமத்திலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி இருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போயிருக்கும். இனிஷியல் மட்டும் போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு முதல் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்என்யு என்ற 3 எழுத்தே முதல் பெயராக ஏறியிருக்கும். உங்கள் பெயரை முன்பின் மாற்றி இரண்டு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். எல்லைப்புறக் கவுண்டிகளில் ஸ்பானியப் பெயர்களில் இரண்டு குடும்பப் பெயர் வரும். அங்கேயும் இரண்டில் எதன் கீழ் வேண்டுமானாலும் பதிவு இருக்கலாம்.

நேரத்தையும் பாருங்கள். டெக்சாஸின் பெரும்பகுதி மத்திய நேரத்தில் ஓடுகிறது. ஹட்ஸ்பெத்தும் எல் பாசோவும் மலை நேரம், ஒரு மணி நேரம் பின்னால். டாலஸிலிருந்து காலை 8 மணிக்கு அழைத்தால் அங்கே 7 மணி, யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் பூட்டிவிடுவதும் உண்டு. கோர்ட் நடக்கும் நாளில் மேசையில் ஆள் இருக்காது. “இந்த வாரம் எந்த நாளில் அழைத்தால் உங்களுக்குச் சிரமமில்லை?” என்று கேட்டுவிடுவது நல்லது. நாலு வார்த்தை மரியாதையாகப் பேசினால் இந்த ஊர்களில் வேலை நடக்கும். அவசரப்படுத்தினால் நடக்காது.

போனில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: பெயர் தேடலுக்கு எவ்வளவு கட்டணம், எந்த வருடத்திலிருந்து கணினியில் இருக்கிறது, அதற்கு முந்தையதை யார் தேடுவார்கள், சான்றிட்ட நகலுக்கு எவ்வளவு, பணம் எப்படிக் கட்டுவது. தேடலுக்குப் பெயர் ஒன்றுக்கு 5 டாலர், நகல் பக்கத்துக்கு 1 டாலர் என்பது பழகிய அளவு. சரியான தொகையை அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். தனிநபர் காசோலையை மறுக்கும் அலுவலகங்கள் உண்டு. அஞ்சலில் அனுப்பினால் மணி ஆர்டரே பத்திரம். கூடவே உங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் வையுங்கள். அது இல்லாததால் கடிதம் ஒரு ஓரமாகக் கிடந்துவிடக் கூடாது.

கடிதத்தில் தெளிவாக மூன்று விஷயம் கேளுங்கள். ஃபெலனி, மிஸ்டிமீனர் இரண்டு பட்டியலிலும் தேட வேண்டும். கேஸ் இருந்தால் இறுதித் தீர்ப்பு அல்லது தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். இல்லை என்றால் ‘இந்தப் பெயரில், இந்தப் பிறந்த தேதியில், இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை பதிவு இல்லை’ என்று கையெழுத்து, முத்திரையோடு கடிதம் வேண்டும். தேடிய வருடங்கள் குறிப்பிடாத ‘பதிவு இல்லை’ கடிதம் பின்னால் உதவாது.

நேரில் போக முடிந்தால் போங்கள். பழைய கேஸ்கள் தடித்த அட்டைப் புத்தகங்களில் பெயர் வரிசைப்படி எழுதப்பட்டிருக்கும், பொதுமக்கள் பார்க்கலாம். வாதி எப்போதும் டெக்சாஸ் மாநிலம்தான் என்பதால் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) கடைசிப் பெயரில் தேட வேண்டும். பெயருக்கு எதிரே காஸ் நம்பர் இருக்கும். அதைக் குறித்துக் கொடுத்தால் கோப்பு வரும். கிளர்க்கிடம் “இதற்கு என்ன அர்த்தம், நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

கோப்பில் எதைப் படிப்பது

ஃபெலனி என்றால், வழக்குப் போட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி கொடுத்த குற்றப்பத்திரிகை இருக்கும். மிஸ்டிமீனர் என்றால் அரசு வழக்கறிஞர் போட்டது இருக்கும். அதில் இருப்பது குற்றச்சாட்டு மட்டுமே. பார்க்க வேண்டியது கடைசித் தாள், அதாவது தீர்ப்பு.

ஃபெலனித் தீர்ப்பின் தலைப்பில் காஸ் நம்பர், டிஆர்என், எஸ்ஐடி எனப்படும் மாநில அடையாள எண் ஆகியவை இருக்கும். கீழே கட்டம் கட்டமாகக் குற்றத்தின் பெயர், நடந்த தேதி, தரம், எதிரி என்ன சொன்னார், என்ன தண்டனை என்று வரும். தாளில் எதிரியின் பெருவிரல் ரேகையும் பதிந்திருக்கும். குற்றம் நடந்த தேதியையும் தீர்ப்புத் தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் நடுவே வருடங்கள் இருக்கலாம். குற்றச்சாட்டில் இருந்த குற்றமும் தீர்ப்பில் உள்ள குற்றமும் ஒன்றா என்றும் பாருங்கள். பேரம் பேசிக் குறைத்திருந்தால் ஃபெலனியாக ஆரம்பித்தது கிளாஸ் ஏ-யாக முடிந்திருக்கும்.

பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பிறந்த தேதி பொருந்த வேண்டும். அதோடு முகவரியோ உரிம எண்ணோ உடல் அடையாளமோ இன்னொன்றாவது பொருந்த வேண்டும். ஒரே பெயர்க்காரர் மேல் பழி போடுவது இந்தத் தேடலில் நடக்கக்கூடிய மிகப் பெரிய அநியாயம்.

டிஃபர்டு அட்ஜுடிகேஷன் பற்றி தனியாகச் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டபின் நீதிபதி தண்டனை எழுதாமல் கண்காணிப்பில் விடுவார். காலம் ஒழுங்காக முடிந்தால் கேஸ் தள்ளுபடி ஆகும். டெக்சாஸ் சட்டப்படி இது பெரும்பாலும் தண்டனைக் கணக்கில் வராது. கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் இதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். “தள்ளுபடி ஆகிவிட்டதே” என்று விண்ணப்பத்தில் ‘இல்லை’ போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். குடியுரிமை இல்லாதவர்கள் இந்தத் தாளைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். போதைப்பொருள் உபகரணத்துக்கான 500 டாலருக்குட்பட்ட அபராதத்தையும் அற்பமாக நினைத்துத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: கேஸை ஆவணங்களிலிருந்தே அழிக்க உத்தரவு வாங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கிப் பூட்டி வையுங்கள். அழித்த பிறகும் குடியேற்றத் துறை கேட்கும்; அப்போது கோர்ட்டிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்பது

கைது விவரம் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் கையில் இருக்கிறது. அதற்கு டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். கைதானவர், கைது, குற்றம் பற்றிய அடிப்படைத் தகவலைக் கொடுத்தாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. உடனே கொடுக்க முடியாவிட்டால் 10 வேலை நாளுக்குள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். சாதாரண நகல் பக்கத்துக்கு 10 சென்ட்; 50 பக்கத்துக்குள் இருந்தால் பொதுவாக ஆள்கூலி போட முடியாது. இந்தச் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. அதே கடிதத்தை கிளர்க்குக்கு அனுப்பினால் சட்டப்படி அவருக்கு எந்தக் கெடுவும் கிடையாது. கடிதம் அப்படியே கிடக்கும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்

கைது நடந்தது உறுதி, கோர்ட்டில் எதுவும் இல்லை என்றால், அரசு வழக்கறிஞர் இன்னும் கேஸைத் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். மிஸ்டிமீனருக்குப் பொதுவாக 2 வருடம், பல ஃபெலனிகளுக்கு 3 வருடமும் அதற்கு மேலும் அவகாசம் உண்டு. 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

அழிக்க உத்தரவான கேஸ், வெளியிடத் தடை பெற்ற கேஸ் இரண்டும் வராது. 17 வயது நிரம்பாதவர்கள் மீதானவை சிறார் பதிவு, அவையும் மூடியவை. டெக்சாஸில் 17 வயதுக்காரர் குற்ற வழக்குகளில் பெரியவராகவே நடத்தப்படுகிறார் என்பதால் அந்த வயதுக் கேஸ் திறந்தே இருக்கும். பழைய கிளாஸ் சி தாள்களைக் காலம் கடந்து அழித்திருந்தால், ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்று அலுவலகத் தாளில் எழுதி வாங்குங்கள். குடியேற்ற விண்ணப்பத்தோடு அதை இணைக்கலாம்.

கிடைத்ததை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு: கைது என்பது குற்ற நிரூபணம் இல்லை. வேலைக்கோ வாடகைக்கோ ஆளைச் சோதிக்க ஒரு நிறுவனத்தின் அறிக்கையை வாங்கினால், கூட்டாட்சிக் கடன் அறிக்கைச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும். வேலைக்கு என்றால் முதலில் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மறுப்பதற்கு முன் அறிக்கை நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். “எந்த எண்ணையும், எந்தப் பெயரையும் தேடலாம்” என்று விளம்பரம் செய்யும் மலிவுத் தளங்களின் பட்டியலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

உங்கள் பெயரில் தவறான பதிவு இருந்தால், கையில் இருக்கும் சான்றிட்ட தீர்ப்பு நகலே ஆயுதம். டிபிஎஸ் பதிவில் பிழை என்றால் நகலை அவர்களுக்கு அனுப்பித் திருத்தக் கேளுங்கள். உங்கள் முழுப் பதிவையும் பார்க்க வேண்டுமானால் கைரேகை கொடுத்து டிபிஎஸ்ஸிடமே பெறலாம். பொதுமக்களுக்குத் தெரியாத கைது வரிகளும் அதில் வரும். தனியார் அறிக்கையில் பிழை என்றால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள்.